கருவிகள் பிறப்பதற்கு முந்தைய நிலநடுக்கங்கள்: நிலப்பிளவைத் தோண்டிப் படிக்கும் ஆய்வு

நிலநடுக்கத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்யத் தொடங்கி ஏறத்தாழ 140 ஆண்டுகள்தான் ஆகின்றன. 1880களில் ஜப்பானில் வேலை பார்த்த ஜான் மில்ன் முதலிய பிரிட்டிஷ் பேராசிரியர்கள் நம்பத்தகுந்த பதிவுக் கருவிகளை உருவாக்கினார்கள். உலகம் முழுக்க ஒரே தரத்தில் கருவிகள் அமைந்தது 1960களில். நிலத்தடியில் யார் அணுகுண்டு சோதனை செய்கிறார்கள் என்று கண்காணிக்க அமெரிக்கா போட்ட வலைப்பின்னல் அது. நிலநடுக்கவியலுக்கு அது பெரிய வரமாக அமைந்தது. சரி, 140 ஆண்டுப் பதிவு கையில் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய நிலப்பிளவு ஒரு முறை முழுதாக உடைந்து, மறுபடி அழுத்தம் சேர்ந்து, அடுத்த முறை உடைவதற்குச் சில இடங்களில் 100 ஆண்டுகள் ஆகும், சில இடங்களில் 500 ஆண்டுகளும் ஆகும். நம்மிடம் இருக்கும் கருவிப் பதிவு பெரும்பாலான பிளவுகளுக்கு ஒரு சுற்றுக்குக்கூடப் போதாது.

இந்த இடைவெளியை அடைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்திருப்பவர்கள் முனைவர் பட்ட மாணவர்கள். வெளியில் அவ்வளவாகத் தெரியாத உண்மை இது. ஒரே ஓடைக்கரையில், ஒரே தீவில் நாலைந்து வருடம் உட்கார்ந்து தோண்டவும் அளக்கவும் பொறுமையும் நேரமும் இருப்பது அவர்களுக்குத்தான். அவர்கள் செய்த இரண்டு ஆய்வுகளை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒன்று கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. மற்றொன்று சுமத்ராவின் கடலோரத்தில் நடந்தது. அதன் மறுமுனை நம் நாகப்பட்டினக் கரையில் இருக்கிறது.

முதலில் கலிஃபோர்னியா. 1857 ஜனவரி 9 அன்று அந்த மாநிலத்தின் தென்பாதியில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்தது. இன்றைய கணக்கில் அதன் அளவு 7.9. இறந்தவர்கள் இரண்டு பேர் என்றுதான் பதிவாகியிருக்கிறது, ஏனென்றால் அங்கே அப்போது ஆட்களே குறைவு. லாஸ் ஏஞ்சலஸ் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிறிய ஊர். இன்று அதே பிளவின் பக்கத்தில் கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். 1857க்குப் பிறகு அந்தப் பகுதி பெரிதாக அசையவில்லை. அதற்கு முன்னால் எத்தனை முறை உடைந்தது, எவ்வளவு இடைவெளியில் உடைந்தது? 1970களின் தொடக்கம் வரை இதற்கு யாரிடமும் பதில் இல்லை. அங்கே எழுத்து வழக்கு வந்ததே ஸ்பானியப் பாதிரிமார்களோடு, பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட இரண்டு துறைகள் கைகோக்க வேண்டியிருந்தது. பாறை எப்படி வளைகிறது, எங்கே உடைகிறது, எந்தக் கோணத்தில் நகர்கிறது என்று பார்ப்பது கட்டமைப்பு நிலவியல். அந்த உடைவிலிருந்து கிளம்பும் அலைகளைப் படிப்பது நிலநடுக்கவியல். முதல் துறைக்காரர் சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு மலையேறுவார். இரண்டாம் துறைக்காரர் கணினித் திரையில் அலைவடிவங்களோடு மல்லுக்கட்டுவார். முன்னவர் பேசுவது லட்சக்கணக்கான ஆண்டுகளில், பின்னவர் பேசுவது நொடிகளில். இருவரையும் முதன்முதலில் ஒழுங்காக இணைத்தது 1906 ஏப்ரல் 18இல் சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கம். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்ட ஹாரி ஃபீல்டிங் ரீட், பிளவின் இரு பக்கமும் பல்லாண்டு காலம் மெல்ல வளைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் பட்டென்று விடுபடுகின்றன என்று விளக்கினார். மூங்கில் கழியை வளைத்துக்கொண்டே போனால் ஒரு நேரத்தில் முறிந்து, இரண்டு துண்டும் நேராகிவிடும் அல்லவா, அது போலத்தான். ஆனால் பூமியின் பிளவு முறிந்த பிறகு மறுபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி வளையத் தொடங்கும். அப்படியானால் இது ஒரு சுற்று. சுற்று என்றால் அதற்கு ஒரு காலம் இருக்க வேண்டும். அந்தக் காலம் எவ்வளவு என்பதை ரீட் காலத்துக் கருவிகளால் சொல்ல முடியவில்லை.

1970களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கெர்ரி சீ என்ற மாணவர் தன் முனைவர் பட்டத்துக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். பிளவு நிலத்தை உடைத்தால் அந்த உடைவு மண்ணில் பதிந்திருக்க வேண்டும். மேலே புது மண் படிந்து மூடியிருந்தால் அது பத்திரமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிளவு ஓடும் தடத்தில் பெரும்பகுதி மலைச்சரிவும் வறண்ட மேடும்தான். அங்கே மண் படிவதில்லை, அரித்துப் போகிறது. அரிக்கிற இடத்தில் வரலாறும் சேர்ந்து அழிந்துபோகும். பிளவுக்கு நேர் மேலேயே, நூற்றாண்டுக்கணக்கில் இடைவிடாமல் மண் படிந்துகொண்டிருந்த இடம் ஒன்று வேண்டும்.

அது பாலட் கிரீக் என்ற ஓடைக்கரையில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே சுமார் 55 கிலோமீட்டரில், சான் கேப்ரியல் மலைகளின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது சதுப்பு நிலம். நாணலும் புல்லும் செத்து மட்கிக் கரிய அடுக்காகப் படியும். அதைப் பீட் என்பார்கள். வெள்ளம் வந்தால் அதன் மேல் வெளிர் மணலும் வண்டலும் பரவும். மறுபடி நாணல் முளைக்கும். கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு என்று ஆயிரத்து சொச்சம் ஆண்டுகள் இப்படியே போயிற்று. 1910ஐ ஒட்டி ஓடை தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. நீர்மட்டம் தாழ்ந்தது, சதுப்பு காய்ந்தது. ஓடை அப்படி அறுத்திருக்காவிட்டால் அந்த இடத்தில் குழி வெட்டினால் தண்ணீர்தான் ஊறியிருக்கும். காலமெல்லாம் சதுப்பாக இருந்தது, ஆய்வாளர் வரும் நேரத்துக்குச் சரியாகக் காய்ந்தது. இந்தத் துறையில் இப்படிப்பட்ட அமைப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு.

குழிக்குள் நடக்கும் வேலையை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடலாம். பிளவுக்குக் குறுக்காக இயந்திரத்தால் நீளமாகக் குழி வெட்டுவார்கள். சுவர் சரிந்து ஆள் மேல் விழாமல் இருக்க முட்டுக் கொடுப்பார்கள். பிறகு கரண்டியும் கத்தியும் தூரிகையும் கொண்டு சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இயந்திரம் அப்பிவிட்ட மண் முழுக்கப் போனால்தான் அடுக்குகள் தெரியும். அடுத்து ஆணி அடித்து நூல் கட்டிச் சுவரைச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் எந்த அடுக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முறிகிறது என்பதை வரைதாளில் அளவு மாறாமல் வரைவார்கள். ஒரு சுவரை வரைந்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். இப்போது புகைப்படங்களைக் கணினியில் கோத்து முப்பரிமாணப் படமாக்கிவிடலாம். ஆனாலும் அடுக்கின் எல்லை எது, வேர் புகுந்த துளை எது, எலி வளை எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஆள்தான் வேண்டும்.

முடிவு செய்யும் விதி ஒன்றுதான். ஒரு விரிசல் கீழிருந்து மேலேறி வந்து, ஏதோ ஓர் அடுக்கில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் அடுக்கு முறியாமல் நேராக ஓடுகிறது. அப்படியென்றால் முறிந்த கடைசி அடுக்கு படிந்த பிறகு, முறியாத முதல் அடுக்கு படிவதற்கு முன் நிலம் உடைந்திருக்கிறது. நீர் ஊறிய மணல் குலுங்கும்போது குழம்பாகி, மேலிருக்கும் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே பீச்சும். அப்படிப் பீச்சிய மணல் அன்றைய தரையில் ஒரு மேடாகப் படிந்திருந்தால், அதுவும் ஒரு தடயம். ஒரே ஒரு விரிசலை நம்பி நிலநடுக்கம் என்று எழுதிவிட முடியாது. பல சுவர்களில் ஒரே அடுக்கின் மட்டத்தில் விரிசல்கள் நின்றிருக்க வேண்டும். மணல் மேடு, முறிந்து மடங்கிய தரை என்று வேறு சாட்சிகளும் சேர வேண்டும். சீ 1978இல் வெளியிட்ட கட்டுரையில் ஆறாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பது பெரிய நிலநடுக்கங்களை அடையாளம் காட்டினார். கருவி பார்க்காத, எழுத்தில் ஏறாத நிலநடுக்கங்களுக்கு முதன்முறையாக ஒரு வரிசை கிடைத்தது. தொல்நிலநடுக்கவியல் என்று இன்று நாம் சொல்லும் துறை தன் காலில் நின்றது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

வரிசை கிடைத்தாலும் தேதி துல்லியமாக இல்லை. பீட் செடிகொடியிலிருந்து உண்டானது என்பதால் கார்பன் 14 முறையில் வயது கணிக்கலாம். ஆனால் சாதாரண ஆய்வகக் கணிப்பில் முன்னே பின்னே பல பத்தாண்டுகள் பிழை இருக்கும். நிலநடுக்கங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே 50, 60 ஆண்டுகள் என்றால் அந்தப் பிழை எல்லாவற்றையும் கலக்கிவிடும். ஆகவே சீ, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உயர் துல்லிய ஆய்வகம் நடத்திய மின்ட்ஸே ஸ்டூய்வரோடும் புள்ளியியலாளர் டேவிட் பிரில்லிங்கரோடும் சேர்ந்து தன் அடுக்குகளுக்கு மறுபடி வயது கணித்தார். 1989இல் வந்த அந்தப் பட்டியல் இப்படிப் போகிறது. கி.பி. 671, 734, 797 என்று மூன்று. பிறகு இரண்டு நூற்றாண்டு மௌனம். 997, 1048, 1100 என்று அடுத்த மூன்று. மறுபடி நீண்ட இடைவெளி. 1346, 1480. அதன் பிறகு 332 ஆண்டுகள் ஒன்றும் இல்லை. 1812, 1857. பழைய தேதிகளில் சில ஆண்டுகளோ சில பத்தாண்டுகளோ பிழை இருக்கலாம். கடைசி இரண்டும் எழுத்துப் பதிவிலிருந்தே உறுதியானவை.

சராசரி எடுத்தால் 132 ஆண்டுகள். இந்த ஒரு எண்தான் பிறகு செய்தித்தாள்களில் ஓடியது. 1857உடன் 132ஐக் கூட்டினால் 1989. ஆகவே கெடு தாண்டிவிட்டது, எந்த நேரமும் வரலாம் என்று எழுதினார்கள். என் பார்வையில் நிலநடுக்கம் பற்றிய பேச்சில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படும் எண் இந்தச் சராசரிதான். பட்டியலைப் பாருங்கள்: இரண்டு நிலநடுக்கங்களுக்கு நடுவே 132க்கு நெருக்கமான இடைவெளி 1346க்கும் 1480க்கும் இடையே ஒரே ஒரு முறைதான் வருகிறது. மற்றவை எல்லாம் ஒன்று 70க்குள், அல்லது 200 முதல் 332 வரை. கொத்தாக வருகிறது, நீண்டு ஓய்கிறது, மறுபடி கொத்தாக வருகிறது. 1812ஐயும் 1857ஐயும் ஒரு கொத்து என்று கொண்டால் அந்தக் கொத்து முடிந்துவிட்டதா, இன்னொன்று பாக்கி இருக்கிறதா? இதற்குச் சராசரி பதில் சொல்லாது.

இதே பிளவில் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று கிட்டத்தட்ட 22 ஆண்டுக்கு ஒரு முறை 6 அளவில் நிலநடுக்கம் வந்துகொண்டிருந்தது. 1993க்குள் அடுத்தது வரும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அறிவித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளை நட்டுக் காத்திருந்தது. 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது. அளவும் இடமும் சரி, காலம் பத்தாண்டுக்கு மேல் தவறு.

பாலட் கிரீக் முடிவுகளும் அப்படியே நிலைத்துவிடவில்லை. அதுதான் இந்த ஆய்வு மரபின் நல்ல பக்கம். தென்கிழக்கே ரைட்வுட் என்ற இடத்தில் பல ஆண்டுகள் தோண்டியவர்கள் இன்னும் நீண்ட பதிவைக் கண்டார்கள். அங்கே சராசரி இடைவெளி நூறு ஆண்டை ஒட்டி வருகிறது. கொத்துகளும் அவ்வளவு அழுத்தமாக இல்லை, ஓரளவு ஒழுங்கோடுதான் வந்திருக்கிறது என்று கேதரின் ஷேரரும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் எழுதினார்கள். வடமேற்கே காரிஸோ சமவெளியில் வாலஸ் கிரீக் என்ற ஓடை பிளவைக் கடக்கும் இடத்தில் 128 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. அந்த வளைவுக்கு வயது ஏறத்தாழ 3,700 ஆண்டுகள். வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 34 மில்லிமீட்டர். சீயும் அவருடைய ஆசிரியர் ரிச்சர்டு ஜான்ஸும் 1984இல் சொன்ன இந்த வேகம் இன்றும் நிற்கிறது. ஆனால் 1857இல் அங்கே நிலம் 8 முதல் 10 மீட்டர் நகர்ந்தது என்ற பழைய அளவு நிற்கவில்லை. 2010இல் ஓலாஃப் சீல்கேயும் மற்றவர்களும் விமானத்திலிருந்து லேசரால் எடுத்த நுட்பமான தரைப்படத்தை வைத்து, சிறு ஓடைகளின் விலகலை மறுபடி அளந்தார்கள். 5 மீட்டரை ஒட்டித்தான் வந்தது. பழைய அளவு இரண்டு நிலநடுக்கங்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணியதால் வந்தது என்று தெரிந்தது.

5 மீட்டரா 9 மீட்டரா என்பது ஏட்டுச் சண்டை இல்லை. ஆண்டுக்கு 34 மில்லிமீட்டர் என்றால் 9 மீட்டர் நகர்வுக் கடன் சேர 260 ஆண்டுக்கு மேல் ஆகும். 5 மீட்டர் சேர 150 ஆண்டு போதும். 1857க்குப் பிறகு ஏற்கெனவே 160 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு தரைப்படத்தைப் பொறுமையாக அளந்ததால் லட்சக்கணக்கான வீடுகளின் அபாயக் கணக்கு மாறுகிறது.

இரண்டு துறைகளும் சந்திக்கும் இன்னொரு இடத்தைச் சொல்ல வேண்டும். நாம் ரிக்டர் என்று பழக்கத்தில் சொல்லும் அளவை விஞ்ஞானிகள் பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது பயன்படுத்துவதில்லை. 1966இல் கேயீட்டி அக்கி கொடுத்த கருத்தை வைத்து 1970களின் இறுதியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹேங்க்ஸும் உருவாக்கிய அளவுகோல்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மூன்று விஷயம்: உடைந்த பரப்பு எவ்வளவு, அது எவ்வளவு தூரம் நகர்ந்தது, பாறை எவ்வளவு விறைப்பு. முதல் இரண்டையும் குழியிலும் தரையிலும் எடுத்த அளவுகளிலிருந்து மதிப்பிடலாம். ஆகவேதான் 1857க்குக் கருவிப் பதிவு இல்லாவிட்டாலும் 7.9 என்று சொல்ல முடிகிறது.

எந்தத் திசையில் நகர்ந்தது என்பதும் அளவுக்குச் சமமாக முக்கியம். 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6, இரண்டு மணி நேரம் கழித்து 8.2. சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள், மெரினாவைக் காலி செய்தார்கள். கடல் பெரிதாக எழவில்லை. அங்கே உடைந்த பிளவுகளில் பாறை பக்கவாட்டில்தான் நகர்ந்தது. கடல்தரை மேலே தூக்கப்படவில்லை, ஆகவே தண்ணீரும் தூக்கப்படவில்லை. 2004இல் நடந்தது நேர் எதிர். பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு சுமத்ராவுக்கும் அந்தமானுக்கும் அடியில் புகும் சாய்வான பிளவு சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்து, மேலிருக்கும் கடல்தரையைத் தூக்கியது.

அப்படி ஒன்று அங்கே வரக்கூடும் என்று முன்பே தெரிந்திருந்ததா? நிலநடுக்கவியலில் அப்போது நிலவிய கருத்து வேறு. இளம் கடல்தட்டு வேகமாகப் புகும் இடங்களில்தான் 9 அளவு வரும் என்று 1980இல் லாரி ரஃப்பும் கனமோரியும் ஒரு தொடர்பைக் காட்டியிருந்தார்கள். சிலி, அலாஸ்கா எல்லாம் அதற்குப் பொருந்தின. அந்தமான் பக்கம் புகுவது பழைய தட்டு, வேகமும் குறைவு; ஆகவே அங்கே 9 வராது என்று படித்தவர்கள் நினைத்தார்கள். அந்த முடிவு இருபதாம் நூற்றாண்டுப் பதிவை மட்டும் வைத்து எடுத்தது. அந்தப் பதிவு எவ்வளவு குட்டையானது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. 2011 மார்ச் 11இல் ஜப்பானின் தோஹொகு மறுபடி காட்டியது. அங்கேயும் பழைய தட்டுதான்.

1990களில் சீ கால்டெக் என்ற கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது தன் மாணவர்களோடு சுமத்ராவுக்குப் போனார். அங்கே தோண்டச் சதுப்பு இல்லை. முக்கியமான பிளவு கடலுக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் அதற்கு மேலே சிமலூ, நியாஸ், மென்டவாய் என்று தீவுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கரையில் பவளங்கள் வளர்கின்றன. போரைட்டஸ் வகைப் பவளம் கடல் மிகத் தாழ்ந்து வற்றும் மட்டம் வரைதான் உயரும். அதற்கு மேல் வெயில் பட்டுச் செத்துவிடும். ஆகவே மேலே வளர முடியாமல் பக்கவாட்டில் விரிந்து, தட்டையான தலையோடு வட்டத் திட்டாக ஆகும். தீவு மெல்ல அமிழ்ந்தால் அதன் விளிம்பு மெல்ல மேலேறும். நிலநடுக்கத்தில் தீவு சட்டென்று ஒரு மீட்டர் தூக்கப்பட்டால் மேல்பகுதி முழுக்கச் செத்து, நீருக்குள் இருக்கும் கீழ்விளிம்பு மட்டும் தொடர்ந்து வளரும். மரத்தில் இருப்பது போலவே பவளத்திலும் ஆண்டு வளையம் உண்டு. ஆக ஒரு பவளத் திட்டு, தான் வாழ்ந்த நூறு இருநூறு ஆண்டுகளில் தன் தீவு எந்த ஆண்டு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று சென்டிமீட்டர் கணக்கில் குறித்து வைத்திருக்கிறது.

இதைப் படிக்கும் முறை கடினமானது. கடல் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள் சங்கிலி ரம்பத்தால் திட்டை நடுவிலிருந்து விளிம்பு வரை பலகையாக அறுத்து எடுப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கல் போன்ற பவளத்தை அறுக்க வேண்டும். பலகையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தால் வளையங்கள் தெரியும். யுரேனியம்–தோரியம் முறையில் வயதும் கணிக்கலாம். சில நூற்றாண்டுப் பழைய பவளத்துக்குக்கூடப் பிழை சில ஆண்டுகளுக்குள் அடங்கும். இந்த முறையில் ஜூடித் ஸக்கரியாசன் 1833இல் மென்டவாய்ப் பகுதியில் வந்த பெரிய நிலநடுக்கத்தின் அளவைக் கணித்தார். அடுத்து வந்த இந்தோனேசிய மாணவர் டேனி நதவிஜாயா 1797ஐயும் சேர்த்தார். அங்கே ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒரு முறை பெரிய உடைவுகள் அடுத்தடுத்து வருகின்றன என்பது தெளிவானது.

தெரிந்ததைக் கட்டுரையோடு விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. 2004இன் நடுவில் மென்டவாய்த் தீவுகளின் கிராமங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய், நிலநடுக்கமும் சுனாமியும் எப்படி வரும், என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் சுவரொட்டிகளைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் டிசம்பர் 26 வந்தது. ஆனால் உடைந்தது அந்தப் பகுதி அல்ல, அதற்கு வடக்கே இருந்த பகுதி. வடக்கில் அப்போது பவள ஆய்வு நடந்திருக்கவில்லை. எந்தப் பகுதியை முதலில் படிப்பது என்று ஓர் ஆய்வுக்குழு எடுக்கும் சாதாரண முடிவுக்கு எவ்வளவு பெரிய விலை இருக்க முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. சிமலூ தீவு மக்களில் கிட்டத்தட்ட எல்லோரும் தப்பினார்கள். 1907இல் வந்த சுனாமியின் நினைவை அவர்கள் ‘ஸ்மோங்’ என்ற சொல்லில் பாட்டாகவும் கதையாகவும் வைத்திருந்தார்கள். நிலம் ஆடியதும் மேட்டுக்கு ஓடினார்கள். 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அங்கே அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும், யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே கேள்வியைத் துரத்தின: 2004 போன்றது முன்பு எப்போது வந்தது? தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் கடலோரப் பள்ளங்களின் சேற்றுக்குள் 2004 மணலுக்குக் கீழே அதே மாதிரி மணல் அடுக்குகளை க்ருவான் ஜான்கேவும் குழுவினரும் கண்டார்கள். அவற்றில் கடைசியானது ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் படிந்தது. சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேயில் காட்ரின் மோனெக்கே குழுவினர் கண்ட அடுக்கும் 1290க்கும் 1400க்கும் இடைப்பட்டது. 2008இல் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் வந்தன. மாமல்லபுரத்தில் சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலியோர் தோண்டியதில் கடல் உள்ளே வந்து போட்ட பழைய மணல் அடுக்குகள் கிடைத்தன. ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழசு. ஆனால் நம் கரையில் இந்த வேலை கூடுதல் சிரமம். புயலும் மணலை உள்ளே கொண்டுவந்து போடும். சுனாமி மணலா புயல் மணலா என்று பிரிக்க, மணலின் அளவு, உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அதில் இருக்கும் நுண்ணுயிர் ஓடுகள் எந்தக் கடலாழத்தைச் சேர்ந்தவை என்று எல்லாம் பார்க்க வேண்டும். வங்கக் கடலோரத்தில் ஒரு மணல் அடுக்கைக் கண்டதும் சுனாமி என்று அறிவிப்பதை நான் நம்பத் தயங்குவேன்.

இமயமலையில் நிலைமை இன்னும் சிக்கல். 1934 ஜனவரியில் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கம் தரையை உடைக்கவில்லை என்றே எண்பது ஆண்டுகள் பாடம் நடந்தது. நேபாளத்தைச் சேர்ந்த சோம்நாத் சப்கோட்டாவும் குழுவினரும் மலையடிவாரத்தில் ஓர் ஓடை அறுத்த கரையைச் சுத்தம் செய்து படித்து, 1934இல் உடைந்திருக்கிறது, அதற்கு முன் 1255இலும் உடைந்திருக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். 1255இல் காத்மாண்டு பாழாகி மன்னர் அபய மல்லர் இறந்ததை அந்நாட்டு வரலாறு சொல்கிறது. இரண்டே ஆண்டில், 2015 ஏப்ரல் 25 அன்று, 7.8 அளவு நிலநடுக்கம் கிட்டத்தட்ட 9,000 பேரைப் பலி கொண்டது. அது அடிவாரம் வரை வந்து தரையை உடைக்கவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. மேல்பாதியில் அழுத்தம் இன்னும் மீதி இருக்கிறது என்று பொருள். இமயத்தின் இரண்டாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிக் கவனமாகப் படித்த இடங்கள் மிகக் குறைவு. நம் கல்லூரிகளில் நிலவியல் படிப்பவர்களில் பலர் சுரங்கத்துக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் போகிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் ஒரு குழிச் சுவரை வருடக்கணக்கில் படிக்க வருபவருக்கு உதவித்தொகை தடையில்லாமல் கிடைத்தால் வருபவர்கள் கூடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சிமலூவுக்குத் திரும்பினால், 2004க்குப் பிறகு அங்கே பவளங்களை அறுத்துப் படித்தவர் கால்டெக் மாணவர் ஆரன் மெல்ட்ஸ்னர். 2010இல் வந்த அவருடைய முடிவு தாய்லாந்து மணலோடும் ஆச்சே மணலோடும் பொருந்துகிறது: தீவின் வடபகுதி 1394ஐ ஒட்டிச் சட்டென்று உயர்ந்திருக்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1450ஐ ஒட்டி மறுபடி பெரிதாக உயர்ந்திருக்கிறது. நடுவில் சிறிதாக ஒன்று. அதற்குப் பிறகு 2004 வரை ஐந்தரை நூற்றாண்டு இவ்வளவு பெரிய உயர்வு இல்லை. மணல் அடுக்கை மட்டும் பார்த்தால் ஒரே சுனாமி போலத் தெரிவது, பவளத்தில் 56 ஆண்டு இடைவெளியில் இரண்டு உடைவுகளாகப் பிரிகிறது. 2004இல் ஒரு பெரிய உடைவு வந்துவிட்டது, இனி ஐந்நூறு ஆண்டுக்கு அந்தப் பக்கம் தொல்லை இல்லை என்று நம் கடலோரத் திட்டங்களில் எங்காவது யாராவது கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கை சிமலூ பவளம் ஏற்கவில்லை. 1450இல் உடைந்தது 2004 அளவுக்கு வடக்கே அந்தமான் வரை நீண்டதா, தீவின் பக்கத்தோடு நின்றதா என்பதைப் பொறுத்துத்தான் நாகப்பட்டினத்துக்கு அது என்ன சொல்கிறது என்பது இருக்கிறது. அதற்கான சான்றை அந்தமான், நிக்கோபார் தீவுகளின் பவளங்களிலும் கடலோரச் சேற்றிலும் தேட வேண்டும். அந்தத் தீவுகள் இந்தியாவிடம்தான் இருக்கின்றன.